வீட்டுப் பட்டறையில் செய்த நீராவி எஞ்சின் 2.5 பாருக்குக் கீழே சுழல மறுப்பது ஏன்?

கேள்வி (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்கட்டில் உள்ள சிறிய பட்டறையில், ஒரு மினி லேத்தையும் அதில் பொருத்தும் வெர்ட்டிகல் ஸ்லைடையும் கொண்டு, ஸ்லைடு வால்வுடன் (ஆவித் துளைகளை மாறி மாறித் திறந்து மூடும் சறுக்கு வால்வு) கூடிய செங்குத்து வகை நீராவி எஞ்சின் மாதிரி ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் 10 வி எஞ்சினின் அமைப்பைத்தான் முன்மாதிரியாகக் கொண்டேன். அதன் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) முக்கால் அங்குலம். நான் இரண்டையும் 20 மி.மீ. என வைத்துக்கொண்டு, வார்ப்புகள் வாங்காமல், கம்பியிலிருந்தும் பட்டையிலிருந்தும் எல்லாப் பாகங்களையும் கடைந்தெடுத்தேன்.

சிலிண்டர் வார்ப்பிரும்பு. பிஸ்டன் பித்தளை, போரைவிட 0.01 மி.மீ. மட்டுமே சிறியது. பிஸ்டனின் நடுவே 16.5 மி.மீ. விட்டத்துக்குக் காடி வெட்டி, 2 மி.மீ. தடிமனுள்ள நைட்ரைல் ஓ-ரிங் போட்டிருக்கிறேன். பிஸ்டன் ராடு 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஃப்ளைவீல் 75 மி.மீ. வால்வு முகத்தில் ஆவித் துளைகள் இரண்டும் 2 மி.மீ. அகலம், நடுவிலுள்ள வெளியேற்றத் துளை 4 மி.மீ., அவற்றுக்கிடையே உள்ள பாலங்கள் 2.5 மி.மீ. வால்வின் நீளம் 14.6 மி.மீ., அதன் உட்குழி 9 மி.மீ., வால்வை அசைக்கும் எக்சென்ட்ரிக்கின் (மையம் விலகிய வட்டு) விலக்கம் 2.8 மி.மீ.

ஏர் கம்ப்ரஸரில் இணைத்தால் காற்றின் அழுத்தம் 2.5 பார் (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) வரும்வரை எஞ்சின் அசைவதில்லை. அதைத் தாண்டியதும் ஒரேயடியாகப் பாய்ந்து ஓடுகிறது. ஓடும்போது ஒரு பக்கத்து அடி பலமாகவும் மறு பக்கத்து அடி மெலிந்தும் கேட்கிறது. நின்றிருக்கும்போதும் வெளியேற்றக் குழாயில் சீறல் ஓயவில்லை. கையால் ஃப்ளைவீலைச் சுற்றினால், பிஸ்டன் கீழ்முனையை நெருங்கும்போது இறுகுகிறது.

ஓட ஓடச் சரியாகிவிடும், 4 பார் கொடுத்து ஒரு நாள் ஓட விடு என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா, அல்லது பிரித்துப் பார்ப்பதுதான் முறையா? இன்னொன்று: இதை உண்மையான நீராவியில் ஓட்ட வேண்டும் என்பதே என் ஆசை. கொதிகலன் செய்யும்வரை, சமையலறைக் குக்கரின் மூடியில் ஒரு குழாயைப் பொருத்தி ஆவி எடுத்துக்கொள்ளலாமா?


மறுமொழி 1 (திருச்சிராப்பள்ளி)

நண்பருக்கு வணக்கம். முதலில் அழுத்தத்தைக் கூட்டும் யோசனையைக் கைவிடுங்கள். 20 மி.மீ. போருக்குப் பிஸ்டனின் பரப்பு 314 சதுர மி.மீ.; 0.3 பார் அழுத்தத்தில் அதன் மேல் விழும் விசை ஒரு கிலோ எடைக்குச் சற்றுக் குறைவு, 2.5 பாரிலோ ஏறக்குறைய எட்டுக் கிலோ. நன்றாகப் பொருத்தப்பட்ட இந்த அளவு எஞ்சின், சுமையில்லாதபோது 0.3 அல்லது 0.4 பாரிலேயே நிதானமாகச் சுழல வேண்டும். உங்களுடையதற்கு எட்டுக் கிலோ தேவைப்படுகிறது என்றால், அந்த விசையின் பெரும் பங்கு எங்கோ உராய்விலும் எங்கோ கசிவிலும் போகிறது. ஓட விட்டால் தேய்ந்து சரியாகும் என்பது ஓரளவுக்கு உண்மைதான், ஆனால் கோணலாக நிற்கும் பாகம் கோணலாகத்தான் தேயும். கிளாண்டின் (பிஸ்டன் ராடு கீழ் மூடியைக் கடக்கும் இடத்தில் கசிவைத் தடுக்கும் அடைப்பு) துளை முட்டை வடிவமாகி, பிறகு எந்தப் பேக்கிங்கும் அதில் நிற்காது.

உராய்வையும் கசிவையும் ஒரே நேரத்தில் தேடினால் குழம்பிப்போவீர்கள். உராய்வை முதலில் பாருங்கள். ஸ்டீம் செஸ்ட் (வால்வு இருக்கும் பெட்டி) மூடியைத் திறந்து வால்வை வெளியே எடுத்துவிட்டு ஃப்ளைவீலைச் சுற்றுங்கள். பிறகு கிளாண்டின் பேக்கிங்கை உருவி எடுத்துவிட்டுச் சுற்றுங்கள். அதன் பிறகு ஓ-ரிங்கைக் கழற்றிவிட்டு, வெறும் பிஸ்டனோடு சுற்றுங்கள். எந்தப் படியில் இறுக்கம் விடுகிறதோ அந்தப் பாகமே காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது, இறுக்கம் எந்த இடத்தில் வருகிறது என்பது. சிலிண்டர் மேலே, கிராங்க் கீழே உள்ள உங்கள் அமைப்பில், பிஸ்டன் கீழே வரும்போது அது கிளாண்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அப்போது ராடுக்குச் சாய்ந்து கொடுக்க இடமில்லாததால், கீழ் மூடியின் துளை போரின் மையத்திலிருந்து சிறிது விலகியிருந்தாலும் அங்கே பிடிக்கும். பிஸ்டன் மேலே போகப் போக ராடு சாய்ந்து கொடுத்து, இறுக்கம் மறைந்துவிடும். இதற்கு எதிராக, பிஸ்டன் மேல்முனையில் இருக்கும்போது இறுகினால், அப்போது கிளாண்டை நெருங்கியிருப்பது கிராஸ்ஹெட் (பிஸ்டன் ராடையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பாகம்) என்பதால், கிராஸ்ஹெட்டின் வழிகாட்டியும் சிலிண்டரும் ஒரே அச்சில் இல்லை என்று பொருள். உங்களுக்குக் கீழே இறுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கீழ் மூடியைச் சந்தேகிக்கிறேன்.

சரிபார்க்க, மூடியை நான்கு தாடைச் சக்கில் பிடித்து, சிலிண்டருக்குள் நுழையும் அதன் மேட்டு விளிம்பை டயல் கேஜால் ஓடாமல் நிறுத்திய பிறகு, டயலின் முனையை ராடு துளைக்குள் வைத்துப் பாருங்கள். டயல் முள் மொத்தமாக நகரும் அளவில் பாதிதான் மைய விலகல். விலகல் இருந்தால், துளையைப் பெரிதாக்கி ஒரு கன்மெட்டல் புஷ்ஷை இறுக்கமாக அழுத்தி, சக்கிலிருந்து கழற்றாமல் அதே பிடிப்பில் போரிங் செய்து ராடு அளவுக்குக் கொண்டுவாருங்கள். டிரில்லும் ரீமரும் மட்டும் போட்டால் அவை பழைய துளையின் போக்கிலேயே போகும்; போரிங் டூல் ஒன்றுதான் மையத்தை மாற்றும்.

சிலிண்டரைக் கடைந்தபோது போரையும் கீழ் முகத்தையும் ஒரே பிடிப்பில் முடித்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். முகம் போருக்குச் செங்குத்தாக இல்லையென்றால், மூடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ராடு சாய்ந்தே நிற்கும். பெரிய எஞ்சின்களில் சிலிண்டரின் நடுவே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, அதிலிருந்து வழிகாட்டிப் பட்டைகளின் தொலைவை அளந்து சீர்செய்வோம். சிறிய எஞ்சினுக்குக் கம்பி வேண்டாம். போருக்குப் பொருந்தும் நீண்ட உருளை ஒன்றைக் கடைந்து, அதன் முனையில் 4 மி.மீ. தண்டு விட்டு உள்ளே செலுத்திப் பார்த்தால் போதும்.


மறுமொழி 2 (பெங்களூரு)

முன்னவர் உராய்வைச் சொல்லிவிட்டார். சீறலும் சமமற்ற அடியும் வால்வைச் சேர்ந்தவை என்று நினைக்கிறேன். கேட்டவர் அளவுகளை முழுமையாகத் தந்திருப்பதால் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஆவித் துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே 2, 2.5, 4, 2.5, 2 என மொத்தம் 13 மி.மீ. இருக்கிறது. வால்வு 14.6 மி.மீ. என்பதால், நடுவில் நிற்கும்போது ஒவ்வொரு பக்கமும் 0.8 மி.மீ. கூடுதலாக மூடுகிறது, இதுவே லேப். துளை முழுவதும் திறக்க 2 மி.மீ., லேப்புக்கு 0.8 மி.மீ., ஆக ஒரு பக்கம் 2.8 மி.மீ. நகர வேண்டும், எக்சென்ட்ரிக்கின் விலக்கமும் அதே 2.8. உட்குழியின் 9 மி.மீ. நீளம், வெளியேற்றத் துளையும் இரு பாலங்களும் சேர்ந்த அளவுக்குச் சரியாக இருக்கிறது. வரைபடத்தில் குறையில்லை.

லீட் (பிஸ்டன் முனையில் நிற்கும்போதே ஆவித் துளை திறந்திருக்கும் அளவு) 0.1 மி.மீ. வைப்பதாகக் கொண்டால், லேப்பும் லீடும் சேர்ந்த 0.9-ஐ 2.8-ஆல் வகுத்து வரும் சைன் மதிப்புக்கு ஏறக்குறைய 19 பாகைக் கோணம் கிடைக்கிறது. ஆகவே எக்சென்ட்ரிக், சுழலும் திசையில் கிராங்கைவிட 90 பாகையும் அதற்கு மேல் 19 பாகையும் முன்னால் நிற்க வேண்டும். இந்த நிலையில், இணைப்புத் தண்டின் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஸ்ட்ரோக்கின் 90 சதவீதம் அளவில் ஆவி வரத்து அடைபடும். சிக்கனமான எஞ்சின் என்று சொல்ல முடியாது. ஆனால் மாதிரி எஞ்சின் எளிதாகக் கிளம்பி மெதுவாகச் சுழல்வதற்கு இதுவே வசதி. நீண்ட லேப் வைத்துச் சிக்கனம் தேடுவது இந்த அளவில் வீண் வேலை என்பது என் கருத்து, ஏனென்றால் சிறிய சிலிண்டரில் சுவரில் குளிர்ந்து நீராகிப் போகும் ஆவியே மிச்சப்படுத்துவதைவிட அதிகம்.

இப்போது கசிவு. லேப் இருப்பதால் ஒரு வசதி உண்டு. கிராங்க் முனைப்புள்ளிக்கு 19 பாகை முன்னால் இருக்கும்போது வால்வு சரியாக நடுவில் நின்று இரு ஆவித் துளைகளையும் மூடியிருக்கும். ஃப்ளைவீலை அங்கே கட்டிவிட்டு 0.3 பார் காற்றைக் கொடுங்கள். அந்த நிலையில் சிலிண்டருக்குள் காற்று போக வழியில்லை. ஆகவே வெளியேற்றக் குழாயில் சீறல் கேட்டால் குற்றம் வால்வின் மேல்தான், பிஸ்டனைத் தொடவே வேண்டியதில்லை. அங்கே அமைதியாக இருந்து, ஸ்ட்ரோக்கின் நடுவில் மட்டும் சீறினால் பிஸ்டனைப் பாருங்கள்.

வால்வு கசிந்தால், முகம் தட்டையாக இல்லை என்று உடனே எமரித் தாளை எடுத்துவிடாதீர்கள். வால்வின் முதுகில் உள்ள காடியில் ஸ்பிண்டிலின் (வால்வை இழுக்கும் தண்டு) நட்டு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் கவனியுங்கள். நீளவாக்கில் அந்த நட்டுக்கு ஆட்டம் இருக்கக் கூடாது. ஆனால் முகத்தை நோக்கியும் முகத்தை விட்டும் வால்வு தாராளமாக மிதக்க வேண்டும். ஸ்பிண்டிலின் துளை சிறிது உயரம் மாறிப்போனால், நட்டு வால்வைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும்; காற்று முதுகில் அழுத்தினாலும் வால்வு முகத்தோடு படியாது. வால்வை விரல் நுனியால் நான்கு மூலைகளிலும் அழுத்திப் பாருங்கள். ஆடினால் காடியை ஆழப்படுத்துங்கள். செங்குத்து எஞ்சினில் வால்வு பக்கவாட்டில் நிற்பதால், காற்று வராதபோது அதை முகத்தோடு சேர்க்க எடையும் உதவாது; மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை வளைத்து முதுகில் வைப்பவர்களும் உண்டு.

அதன் பிறகும் கசிந்தால்தான் தேய்ப்பு. தடித்த கண்ணாடிமேல் 600, பிறகு 1000 எண் ஈரத் தாளை விரித்து, எண்ணெய் விட்டு, வால்வை எட்டு வடிவில் தேயுங்கள். மார்க்கர் பேனாவால் முகத்தில் கோடுகள் போட்டுக்கொண்டால், எல்லாக் கோடுகளும் ஒரே சீராக மறையும்போது தட்டையாகிவிட்டது என்று தெரியும். சிலிண்டரில் உள்ள முகத்தையும் அதேபோல் ஒரு முறை பாருங்கள்.

ஒரு பக்க அடி பலமாக இருப்பதற்குக் காரணம், ஸ்பிண்டிலில் வால்வு நடுவில் இல்லாததே. ஃப்ளைவீலைச் சுற்றி, வால்வு மேலே போகும் எல்லையிலும் கீழே போகும் எல்லையிலும், வால்வின் விளிம்பு துளையின் வெளி விளிம்பைத் தாண்டி எவ்வளவு போயிருக்கிறது என்று அளங்கள். துளையின் திறப்பை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் துளை 2 மி.மீ. திறந்த பிறகு அதற்கு மேல் போனது கணக்கில் வராது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியளவு வால்வை நகர்த்த வேண்டும். அதை முடித்த பிறகே எக்சென்ட்ரிக்கைத் தொடுங்கள். பிஸ்டனை மேல்முனைப்புள்ளியில் நிறுத்தி, எக்சென்ட்ரிக்கின் திருகைத் தளர்த்தி, ஓடும் திசையில் திருப்பிக்கொண்டே வந்து, மேல் துளை ஒரு வெள்ளைத் தாளின் தடிமன் அளவுக்குத் திறந்ததும் இறுக்குங்கள். சாதாரண எழுதும் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும். கீழ்முனையிலும் அதே தாள் நுழைய வேண்டும்.

முனைப்புள்ளியைக் கண்மதிப்பாகப் பிடிக்காதீர்கள், ஏனென்றால் அங்கே கிராங்க் பல பாகை திரும்பினாலும் பிஸ்டன் நகர்வது தெரியாது. கிராஸ்ஹெட் ஒரு குறியைத் தொடும்போது ஃப்ளைவீலில் ஒரு கோடும், முனையைத் தாண்டி அதே குறிக்குத் திரும்பும்போது இன்னொரு கோடும் இழுத்து, இரண்டுக்கும் நடுவே எடுத்துக்கொள்ளுங்கள்.


கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். வால்வை நடுவில் நிறுத்தியபோதே வெளியேற்றக் குழாயில் சீறல் கேட்டது. மூடியைத் திறந்து மூலைகளில் அழுத்தியபோது வால்வு ஆடியது. காடியைக் கால் மில்லிமீட்டர் ஆழப்படுத்தியதும் சீறல் பெரிதும் அடங்கிவிட்டது.

வால்வின் விளிம்பு மேலே 2.8 மி.மீ. தாண்டுகிறது, கீழே 1.2 மட்டுமே. பாதி வித்தியாசம் 0.8 மி.மீ. ஸ்பிண்டிலில் எம்3 மரை, அதன் பிட்ச் 0.5 மி.மீ.; நட்டு செவ்வக வடிவம் என்பதால் அரைச் சுற்றாகத்தான் திருப்ப முடியும். மூன்று அரைச் சுற்றுகளில் 0.75 மி.மீ. நகர்ந்திருக்கிறது. மீதி 0.05-ஐ விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

கீழ் மூடியில் ராடு துளையின் விலகல் 0.08 மி.மீ. இருக்கிறது. போரையும் கீழ் முகத்தையும் ஒரே பிடிப்பில்தான் கடைந்தேன் என்பதால், புஷ் மாற்றினால் போதும் என்று எண்ணுகிறேன். ஆனால் பேக்கிங்கை எடுத்துவிட்ட பிறகும், ஓ-ரிங் இருக்கும்வரை ஸ்ட்ரோக் முழுவதும் ஒரு பொதுவான கனம் இருக்கிறது. ரிங்கை எடுத்தால் பிஸ்டன் தன் எடையிலேயே இறங்குகிறது. என்ன செய்யலாம்?


மறுமொழி 3 (சென்னை)

உங்கள் ஓ-ரிங் அளவுக்கு மீறி நசுங்குகிறது. போர் 20, காடியின் அடி 16.5 என்றால் ஒரு பக்கத்து இடைவெளி 1.75 மி.மீ.; அதில் 2 மி.மீ. ரிங்கை அடைத்தால் 12.5 சதவீத நசுங்கல். ஹைட்ராலிக் சிலிண்டருக்கு அது பொருத்தமான அளவு. ஒரு கிலோ விசையில் நகர வேண்டிய பிஸ்டனுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஆகாது. காடியின் அடியை 16.2 ஆக இறக்கி, அகலத்தை 2.6 மி.மீ. வரை தளர்த்தினால், ரிங் பாதி வழுக்கியும் பாதி உருண்டும் எளிதாகப் போகும்.

இது காற்றுக்கு. நீராவிக்கு நைட்ரைல் வேண்டாம். அந்தச் சூட்டில் அது நாளடைவில் இறுகி விரிசல் விட்டுவிடும். விட்டான் என்ற வெப்பம் தாங்கும் ரப்பர் ரிங்கைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் ஆவியைத் தாங்கும் என்று கடைக்காரர் சொல்வது சரிதான், ஆனால் சிலிண்டருக்குள் போகும் மினரல் எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருத்துவிடும்.

ரிங்கைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் பிஸ்டனின் 0.01 மி.மீ. இடைவெளி. காற்றில் ஓடுவது எல்லாம் ஆவியில் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. 3 பார் ஆவியின் வெப்பம் ஏறக்குறைய 144 பாகை. அறை வெப்பத்திலிருந்து 110 பாகைக்கு மேல் ஏறுகிறது. ஒரு மீட்டருக்கு ஒரு பாகைக்குப் பித்தளை 19 மைக்ரானும் வார்ப்பிரும்பு 11 மைக்ரானும் விரிவதால், 20 மி.மீ. விட்டத்தில் பிஸ்டன் போரைவிட 0.018 மி.மீ. கூடுதலாகப் பெருக்கும். உங்களிடம் இருக்கும் இடைவெளியோ 0.01. அதுவும், ஆவி முதலில் நுழையும்போது மெல்லிய பிஸ்டன் உடனே சூடேறி, கனத்த சிலிண்டர் பின்தங்குவதால், உண்மையான வித்தியாசம் இன்னும் அதிகம். முதல் நிமிடத்திலேயே பிடித்து நின்றுவிடும். பிஸ்டனை ராடிலேயே வைத்து, ராடைக் காலெட்டில் பிடித்து, 0.04 மி.மீ. இடைவெளி வரும்வரை கடையுங்கள். தனியாகக் கடைந்து பிறகு ராடில் மாட்டினால் இரண்டும் ஒரே மையத்தில் நிற்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

இடைவெளி கூடினால் கசியுமே என்று தயங்க வேண்டாம். என்னைக் கேட்டால், ஓ-ரிங்கை விட்டுவிட்டு அந்தக் காடியில் கிராஃபைட் ஏற்றிய கிளாண்ட் கயிற்றின் இழையைச் சுற்றச் சொல்வேன். பம்பு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் கயிற்றைப் பிரித்து, ஒரு புரியை மட்டும் எடுத்து, சிலிண்டர் எண்ணெயில் தோய்த்துச் சுற்றி, போருக்குள் லேசாக அழுத்திச் செலுத்தும் அளவுக்கு வைத்தால் போதும். பெரிய எஞ்சின்களும் இப்படித்தான் தொடங்கின. இங்கிலாந்தின் இரும்பு ஆலைக்காரர் ஜான் வில்கின்சன் 50 அங்குல சிலிண்டர் ஒன்றைக் கடைந்து கொடுத்தபோது, அது எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுக்குக்கூடப் பிசகவில்லை என்று 1776-இல் ஜேம்ஸ் வாட்டின் தொழில் கூட்டாளி மேத்யூ போல்டன் மெச்சி எழுதினார். வாட் எஞ்சின்கள் பெருகியதற்கு அந்தத் துல்லியமே போதுமாக இருந்தது. மீதி இடைவெளியை எண்ணெய் ஊறிய சணல்தான் அடைத்தது. நம் லேத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டரை எளிதாகப் பிடிக்க முடிவதால், எல்லாவற்றையும் இறுக்கமாகவே செய்யத் தோன்றுகிறது.

கீழே உள்ள கிளாண்டுக்கும் அதே இழைதான். நட்டை விரலால் இறுக்குவதோடு நிறுத்துங்கள், ஸ்பேனர் வேண்டாம்.


மறுமொழி 4 (ஈரோடு)

ஒருவரும் குக்கரைப் பற்றிப் பேசவில்லை. ஆலைக் கொதிகலன் அறையில் அட்டெண்டன்டாக வேலை பார்த்தவன் என்ற முறையில் அதை நான் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

குக்கரின் வெயிட் ஏறக்குறைய ஒரு பாரில் தூக்கிக்கொள்ளும். உங்கள் எஞ்சின் சீரானால் அந்த அழுத்தமே அதற்குப் போதும் என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் மூடியைத் துளையிட்டதும் அது உற்பத்தியாளர் சோதித்த பாத்திரமாக இருப்பதில்லை. உள்ளே நீர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடி கிடையாது. அடுப்பின் சூட்டை எஞ்சினின் தேவைக்கு ஏற்ப யாரும் கூட்டிக் குறைப்பதுமில்லை. நீர் வற்றியது தெரிவதற்குள் சேஃப்டி வால்வு உருகினால் அது நல்ல காலம்.

அழுத்தத்தில் உள்ள சூடான நீர் எவ்வளவு வலிமையைத் தேக்கி வைத்திருக்கிறது என்பதைப் புதியவர்கள் பலர் உணர்வதில்லை. 3 பார் அழுத்தத்தில், 144 பாகையில், ஒரு கிலோ நீர் இருக்கும் பாத்திரம் திடீரென்று பிளந்தால், அந்த நீரில் 8 சதவீதம் அந்தக் கணமே ஆவியாகும். 80 கிராம் ஆவி, வெளிக்காற்றின் அழுத்தத்தில் 130 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். பாத்திரம் ஒரு கைப்பிடி அளவே இருந்தாலும் இதுதான் கதி. பழைய கேஸ் சிலிண்டர், தீயணைப்பான் சிலிண்டர் என்று எதையும் இதற்குக் கொண்டுவராதீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள பாத்திரம் கொதிகலன் சட்டத்தின் வரையறைக்குள் வராது. ஆகவே உங்களைத் தேடி ஆய்வாளர் வரமாட்டார். அதனால் ஆய்வாளர் செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்தாக வேண்டும்.

எவ்வளவு ஆவி வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள். உங்கள் எஞ்சின் ஒரு சுற்றில் இருமுறை 6.3 கன செ.மீ. நிரப்புகிறது. 2 பாரில் நிமிடத்திற்கு 200 சுற்று ஓடினால் 2.5 லிட்டர் ஆவி, அதாவது 4 கிராமுக்குச் சற்று மேல். இது தாளில் வரும் கணக்கு. குளிர்ந்து நீராவதையும் கசிவையும் சேர்த்து அதை இரட்டிப்பாக்கி, 8 கிராம் என்று வையுங்கள். 100 சதுர அங்குலச் சூடேறும் பரப்புக்கு நிமிடத்திற்கு ஒரு கன அங்குல நீர் என்பது மாதிரி எஞ்சின்காரர்களிடையே வழங்கும் பழைய தோராயம். அதன்படி உங்களுக்கு ஏறக்குறைய 315 சதுர செ.மீ. பரப்பு வேண்டும். 75 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. நீளமும் உள்ள படுக்கைவாட்டுச் செப்புப் பாத்திரத்தின் கீழ்ப்பாதி 175 சதுர செ.மீ. தரும். அதன் அடியில் 8 மி.மீ. செப்புக் குழாய்கள் நான்கைச் சாய்வாகப் பொருத்தினால் இன்னும் 140. அதோடு சரியாகிவிட்டது, 200 சுற்றுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

உடலுக்கு 1.6 மி.மீ. செப்பு போதும். 3 பாரில் அதன் சுவரில் எழும் இழுவிசை சதுர மி.மீ.-க்கு 7 நியூட்டன்தான். பதப்படுத்திய செப்பு தாங்கும் 200-க்கு எதிரே இது மிகக் குறைவு. பலவீனம் தட்டையான இரு முனைத் தகடுகளில் இருக்கிறது. அவை வெளியே உப்பாமலிருக்க, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நெடுந்தண்டுகளைச் செலுத்திப் பிணைக்க வேண்டும். குழாய்களைத் திருகும் புஷ்கள் எல்லாம் பிரான்ஸாக இருக்கட்டும். பித்தளையிலுள்ள துத்தநாகத்தைச் சூடான நீர் மெல்ல மெல்லக் கரைத்துவிடும்; வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் மரை உள்ளே பஞ்சாகியிருக்கும்.

இணைப்புகளுக்கு ஈயப்பற்று கூடவே கூடாது. வெள்ளி 45 முதல் 55 சதவீதம் உள்ள ப்ரேசிங் கம்பியும் அதற்குரிய ஃப்ளக்ஸும் வாங்குங்கள். ஏ.சி. மெக்கானிக்குகள் பயன்படுத்தும் பாஸ்பரஸ் கலந்த கம்பி மலிவுதான், ஆனால் கரி அடுப்பின் கந்தகப் புகை பட்டால் அந்த இணைப்பு நொறுங்கும். செப்பு சூட்டை வேகமாகக் கடத்துவதால் சிறிய டார்ச்சால் ஓரிடத்தை மட்டும் சூடாக்கிப் பயனில்லை. பாத்திரத்தைச் செங்கற்களால் சுற்றி அடைத்து, முழுவதையும் மங்கிய சிவப்புக்குக் கொண்டுவந்தால்தான் பற்று உருகி இடுக்குக்குள் ஓடும்.

முடித்த பிறகு, குளிர்ந்த நீரை ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, பிளம்பர்கள் வைத்திருக்கும் டெஸ்ட் பம்பால் ஓட்டும் அழுத்தத்தைப் போல் இருமடங்குக்கு ஏற்றி, அரை மணி நேரம் நிறுத்துங்கள். நீர் சுருங்காது என்பதால் இணைப்பு விட்டாலும் ஒரு சொட்டு கசிந்து முள் இறங்குவதோடு சரி. அதே சோதனையைக் காற்றில் செய்யத் துணியாதீர்கள். சேஃப்டி வால்வைப் பொருத்திய பிறகு இன்னொரு சோதனை உண்டு. ஆவிக் குழாயை மூடிவிட்டு, அடுப்பை முழுதாக எரியவிட்டு, வால்வு திறந்த பிறகு அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் வால்வின் துளை சிறியது. ஸ்பிரிங்கைத் தளர்த்தி ஒப்பேற்றாமல், பெரிய வால்வு செய்யுங்கள். அழுத்தமானியை நேராகத் திருகாமல் இடையில் ஒரு வளையக் குழாய் விடுங்கள். அதில் தேங்கும் நீர், சூடான ஆவி மானிக்குள் போகாமல் காக்கும்.


கேள்வி கேட்டவர்

குக்கர் யோசனையை விட்டுவிட்டேன். கீழ் மூடிக்குப் புதிய புஷ் போட்டாயிற்று, பிஸ்டனை 0.04 மி.மீ. இடைவெளிக்குக் கடைந்து, கிராஃபைட் இழை சுற்றியிருக்கிறேன். எஞ்சின் 0.4 பாரில் இரு பக்கமும் ஒரே அடியாக, கண்ணால் எண்ணும் அளவுக்கு மெதுவாகச் சுழல்கிறது. செப்புக் குழாய்க்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் முறை ஆவி கொடுக்கும்போது எஞ்சின் பக்கம் என்னென்ன கவனிக்க வேண்டும்?


மறுமொழி 1 (திருச்சிராப்பள்ளி)

மிக்க மகிழ்ச்சி. சிலிண்டரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒவ்வொரு சிறிய டிரெயின் காக் (நீரை வடிக்கும் சிறு வால்வு) இல்லையென்றால், ஆவி கொடுப்பதற்கு முன் அவற்றை வைத்துவிடுங்கள். குளிர்ந்த வார்ப்பிரும்பில் பட்ட முதல் ஆவி முழுவதும் நீராகிவிடும். பிஸ்டனுக்கும் மூடிக்கும் இடையே அந்த நீர் சிக்கிக்கொண்டால், ஃப்ளைவீலின் வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும் அல்லது மூடியின் திருகு அறும். இரு காக்கையும் திறந்து வைத்து, ஆவியைச் சிறிதளவே விட்டு, ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருங்கள். நீர் தெறிப்பது நின்று வெறும் ஆவி வரத் தொடங்கிய பிறகே மூடுங்கள்.

எண்ணெயைப் பொறுத்தவரை மோட்டார் எண்ணெய் உதவாது, ஆவியோடு சேர்ந்து மோர் போலாகி வெளியே போய்விடும். ஸ்டீம் சிலிண்டர் எண்ணெய் என்றே கேட்டு வாங்குங்கள். 460 தரம் உங்கள் அழுத்தத்துக்கு ஏற்றது. ஆவிக் குழாயின் பக்கத்தில் ஒரு சிறு எண்ணெய்க் கிண்ணத்தை இணைத்து, இரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் துளை வையுங்கள். உள்ளே நுழையும் ஆவி குளிர்ந்து நீராகி அடியில் தங்க, அதே அளவு எண்ணெய் மேலெழுந்து ஆவியோடு போகும். தனியாகப் பம்பு வேண்டியதில்லை.

ஓட்டி முடித்ததும் சிலிண்டர் சூடாக இருக்கும்போதே காக்குகளைத் திறந்து, கம்ப்ரஸர் காற்றால் நீரை ஊதி வெளியேற்றி, ஆவி நுழையும் வழியில் சில சொட்டு எண்ணெய் விட்டு, கையால் நாலைந்து முறை சுற்றி வையுங்கள். வார்ப்பிரும்பு போரில் ஈரம் ஓர் இரவு தங்கினாலே துரு ஏறிவிடும்.